புகார் இல்லாத தெரு

போன வாரம் சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் தள்ளிவிட்டு எழுந்து போன நாத்தனார், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே வீசிய வார்த்தை இன்னும் அந்தக் கூடத்தை விட்டுப் போகவில்லை.

“ஊருக்கே தண்ணித் திட்டம் போடறாளாம்! என் தெருவை மட்டும் தேடிப் பிடிச்சுக் கடைசியில தள்ளியிருக்கா. எத்தனை நாள் ஆத்திரமோ மீட்டருக்கு!”

அந்தக் குடும்பத்தில் மீட்டர் என்றால் அவள்தான். கல்யாணமாகி வந்த புதிதில் சமையலறைக் குழாய் சொட்டுவதைப் பார்த்தாள். அடியில் ஒரு டம்ளரை வைத்து, அது நிறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்து, வருஷத்துக்கு எத்தனை குடம் வீணாகிறது என்று சொல்லிவிட்டாள். நாத்தனார் அன்றைக்கே பேர் வைத்தாயிற்று.

அவள் குடிநீர் வாரியத்தில் பொறியாளர். கணவன் அதே வாரியத்தில் உடைந்த குழாய்களைச் சரி செய்யும் ஃபிட்டர். “மீட்டரும் ஃபிட்டரும் சேர்ந்தாச்சு, இனிமே இந்த வீட்டுல ஒரு சொட்டு ஒழுகாது” என்று சொந்தக்காரர்கள் சிரித்தபோது அவளும் சேர்ந்து சிரித்தாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஆளுயரப் பள்ளத்தில் இறங்கப் பயந்து நின்றவளுக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டவன் அவன். “பள்ளத்தைப் பார்க்காதீங்க மேடம், குழாயைப் பாருங்க” என்றான். அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் அவள் கழுத்தை நீட்டினாள் என்று நாத்தனார் இன்றைக்கும் கிண்டல் செய்வாள்.

நாத்தனார் கோபித்துக்கொண்டு போன நாளிலிருந்து அவளுக்கும் கணவனுக்கும் நடுவிலும் பேச்சு வற்றிவிட்டது. “சாவி எங்கே”, “மேசை மேல”, அவ்வளவுதான்.

இன்று பிற்பகல் அவளுடைய திட்டம் ஒப்புதலுக்காக நகர மன்றத்துக்கு வருகிறது.

*

திட்டத்துக்கு வாரியத்தில் வைத்த பேர் சொத்து மேலாண்மைத் திட்டம். “சொத்தா? யார் பேர்ல எழுதி வைக்கப் போறா?” என்றுதான் நாத்தனார் முதலில் கேட்டாள். அவள் பொறுமையாக விளக்கினாள். விளக்குவதென்றால் அவளுக்குக் கொள்ளை ஆசை.

நாம் பார்க்கிற ஊருக்கு அடியில் இன்னொரு ஊர் இருக்கிறது. குழாய், வால்வு, பம்பு, தொட்டி. அதுதான் வாரியத்தின் சொத்து. ஆனால் அந்த ஊரை யாரும் முழுசாகப் பார்த்ததில்லை. எங்காவது உடைந்தால் ஓடுவது, ஒட்டுவது, மூடுவது, அடுத்த உடைப்புக்குக் காத்திருப்பது என்றே காலம் ஓடிவிட்டது. உடைவதற்கு முன்பே எதை மாற்றவேண்டும் என்று தெரிந்துகொண்டால்? அதற்குத்தான் திட்டம்.

இரண்டு வருஷம் அலைந்து அவள் ஒவ்வொரு தெருக் குழாய்க்கும் இரண்டு மதிப்பெண் போட்டாள். உடையும் வாய்ப்பு எவ்வளவு? ஒன்றிலிருந்து ஐந்து. உடைந்தால் யாருக்கு எவ்வளவு கஷ்டம்? அதற்கும் ஒன்றிலிருந்து ஐந்து. இரண்டையும் பெருக்கினால் எதை முதலில் மாற்றவேண்டும் என்பது வரிசையாக வந்து நிற்கும். வாரியத்திடம் இருக்கிற பணத்துக்கு வருஷத்தில் சில தெருக்களைத்தான் தோண்டமுடியும். அதனால் வரிசைதான் எல்லாம்.

நாத்தனார் குடியிருக்கும் ஆஸ்பத்திரித் தெருவுக்கு, உடைந்தால் வரும் கஷ்டத்துக்கு ஐந்துக்கு ஐந்து. தெருக்கோடியில் பிரசவ ஆஸ்பத்திரி இருக்கிறது. அதற்கு அந்த ஒரு குழாயைத் தவிர வேறு வழியில்லை. நாத்தனார் அங்கேதான் தலைமை நர்ஸ். ஆனால் உடையும் வாய்ப்பு? ஒன்று. அந்தத் தெருவிலிருந்து இத்தனை வருஷத்தில் ஒரு புகார்கூட வந்ததில்லை. ஐந்தை ஒன்றால் பெருக்கினால் ஐந்து. வரிசையில் கீழே.

முதலிடம் கிடங்குச் சந்துக்கு. கஷ்டம் மூன்றுதான், ஆனால் அங்கே குழாய் உடைந்துகொண்டே இருந்தது. வாய்ப்பு ஐந்து. பெருக்கினால் பதினைந்து. அந்தச் சந்தில்தான் மன்றத் தலைவருடைய கிடங்குகளும் இருந்தன. அவளுக்கு அது தெரியும், ஆனால் எண் வேறு மாதிரி வரவில்லை.

வரிசை ஒருமுறை நிறைவேறிவிட்டால் ஐந்து வருஷத்துக்கு யாரும் தொடக்கூடாது. அந்த விதியை எழுதச் சொன்னவளும் அவளேதான். இல்லாவிட்டால் மாதம் ஒரு உறுப்பினர் தன் தெருவை மேலே தூக்கச் சொல்லி வந்து நிற்பார்.

*

காலையில் கணவன் குளித்துக்கொண்டிருந்தபோது மேசைமேல் இருந்த அவனுடைய கைபேசி அடித்தது. திரையில் “அக்கா”. அடித்து நின்று, மறுபடி அடித்தது. எடுத்தாள்.

அவள் வாயைத் திறப்பதற்குள் நாத்தனாரின் குரல் கொட்டியது.

“தம்பி, குழாய் மறுபடியும் விட்டுடுச்சுடா! அதே இடம். ஆஸ்பத்திரிச் சுவரை ஒட்டி, போன தடவை கல்லைப் புரட்டினியே, அங்கேதான். மேல் மாடிக்குத் தண்ணி ஏறலை. உள்ளே மூணு பேர் வலியில இருக்காங்க. டீ குடிச்சிட்டு வரேன்னு நிக்காதே, ஓடி வா.”

 எதிர்ப்பக்கம் வைத்துவிட்டார்கள்.

மறுபடியும். அதே இடம். போன தடவை.

துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவனிடம் கைபேசியை நீட்டினாள். “உங்க அக்கா. ஆஸ்பத்திரித் தெருவுல மறுபடியும் விட்டுடுச்சாம்.”

துண்டு அப்படியே நின்றது.

“மறுபடியும்னா என்னங்க?”

“வந்து சொல்றேன்.” அவன் சட்டையைத் தேடினான்.

“நானும் வரேன்.”

“உனக்கு மத்தியானம் மன்றம் இருக்கு.”

“அதனாலதான் வரேன்.”

ஸ்கூட்டரில் அவள் பின்னால் ஏறி உட்காருவதற்குள் அவன் யாருக்கோ போன் செய்து, “கல்லைப் புரட்டி வைங்க, வால்வை மூடிடுங்க” என்றான். எந்தக் கல், எந்த வால்வு என்று அந்தப் பக்கத்தில் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்திருந்தது.

*

ஆஸ்பத்திரித் தெரு பளபளவென்று இருந்தது. போன ஆட்சியில் போட்ட புதுச் சாலை. ஓரத்தில் வரிசையாகக் கல் பதித்த நடைபாதை. புதுச் சாலையைப் பல வருஷம் வெட்டக்கூடாது, நடைபாதையையும் சேர்த்து. வெட்டவேண்டுமென்றால் சாலைத் துறையின் அனுமதி வேண்டும். சோதனைக்கு ஒரே ஒரு குழி தோண்ட அனுமதி கேட்டு அவளே எழுதியிருந்தாள். பதில் வரவில்லை. மற்ற தெருக்களில் மாதிரிக்கு ஒரு குழியாவது தோண்டி, குழாயைக் கண்ணால் பார்த்து மதிப்பெண் போட்டவள், இந்தத் தெருவுக்கு மட்டும் புகாரை வைத்தே போட்டாள். புகார் இல்லை, ஆகவே பழுதில்லை.

ஆஸ்பத்திரிச் சுவரை ஒட்டி நாலு கற்கள் புரட்டிக் கிடந்தன. இரண்டு வேலையாட்கள் பள்ளத்துக்குள் இருந்தார்கள்.

“அண்ணே, பழைய கிளாம்புக்கு ஒரு சாண் தள்ளி விட்டிருக்கு. இதோட இந்தப் பக்கம் எத்தனையாவது...” என்று நிமிர்ந்தவன், பின்னால் நிற்கும் அவளைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.

அவள் இறங்கினாள். இப்போது ஏணி பிடிக்க ஆள் வேண்டியிருக்கவில்லை.

கிளாம்ப் என்பது குழாய்க்குப் போடுகிற கட்டு. உள்ளே ரப்பர், வெளியே இரும்புப் பட்டை, போல்ட்டை முறுக்கினால் ஓட்டையை அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். நல்ல குழாயில் ஒன்றைப் பார்க்கலாம். இங்கே மண்ணை விலக்க விலக்க ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. சில துருப்பிடித்து மண்ணோடு மண்ணாக இருந்தன, சிலவற்றில் பெயின்ட்கூடப் போகவில்லை. காலெல்லாம் கட்டுப் போட்ட நோயாளியைப் போலக் கிடந்தது குழாய்.

அவள் வீட்டுச் சாவியை எடுத்துக் கட்டில்லாத இடமாகப் பார்த்துச் சுரண்டினாள்.

வார்ப்பிரும்புக்கு ஒரு குணம் உண்டு. ஈரமும் உப்பும் கலந்த மண்ணில் கிடந்தால், இரும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியே போய்விடும். ஆனால் குழாய் இளைக்காது, நெளியாது. பென்சிலுக்குள் இருக்குமே கரி, அந்தச் சரக்கு மட்டும் குழாயின் வடிவத்தில் மிஞ்சி நிற்கும். பார்த்தால் முழுக் குழாய். தொட்டால் பென்சில்.

சாவி இறங்கியது. கருப்புத் துருவல் சுருள் சுருளாக விழுந்தது. அதைக் கைக்குட்டையில் பிடித்தாள். கைபேசியில் படம் எடுத்தாள்.

“எத்தனை தடவை?”

“எண்ணலை.” அவன் மேலே கல்லின்மேல் உட்கார்ந்திருந்தான். “மழைக்காலத்துல இன்னும் அதிகமா விடும்.”

“வேலைப் பதிவேட்டுல ஏன் எழுதலை?”

“எழுதினா என்ன ஆகும்? ஆஸ்பத்திரித் தெருன்னு எழுதினா, அனுமதி எங்கேன்னு கேப்பான். அனுமதி வர்ற வரைக்கும் அங்கே அக்கா கையில தண்ணியில்லாத வெறும் பேசின் கிண்ணத்தை வச்சிக்கிட்டு நிக்கணும். குழந்தை அதுவரைக்கும் உள்ளேயே இருக்குமா?”

“சரி. கிளாம்ப்? ஸ்டோர்ல தெருப் பேர் சொல்லாம ஒரு போல்ட்கூடக் கொடுக்க மாட்டாங்களே. எந்தத் தெருன்னு சொல்லி வாங்கினீங்க?”

 வேலையாட்கள் இருவரும் திடீரென்று மண்ணை மும்முரமாக அள்ளினார்கள்.

அவளுக்குப் புரிய ஆரம்பித்தது.  சாலை போடாத சந்து. வெட்ட அனுமதி தேவையில்லாத சந்து. உடைந்துகொண்டே இருப்பதாக அவள் நம்பிய சந்து.

“கிடங்குச் சந்தா?”

“மண் சந்து. யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க.”

“அய்யோ.” பள்ளத்தின் சுவரில் சாய்ந்துகொண்டாள். “அங்கே நான் குழி தோண்டினேங்க. குழாய் நல்லாத்தான் இருந்துச்சு. நல்ல இடமாப் பார்த்துத் தோண்டிட்டோம்போல, இத்தனை உடைப்பு இருக்கே, வேற எங்கேயோ மோசமா இருக்கும்னு நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கிட்டேன். கண்ணால பார்த்ததை விட்டுட்டு உங்க எழுத்தை நம்பினேன்.”

“உன் திட்டத்துக்கு இதெல்லாம் போகும்னு எனக்குத் தெரியுமா?”

“ரெண்டு வருஷமா நம்ம வீட்டுல வேற என்ன பேச்சு?”



*

“மீட்டரும் வந்தாச்சா? நல்லதாப் போச்சு.”

நாத்தனார் வெள்ளைச் சீருடையில், இடுப்பில் கை வைத்தபடி பள்ளத்தின் விளிம்பில் நின்றாள். “பாரும்மா, நல்லாப் பாரு. கடைசியில தள்ளினியே, அந்தக் குழாய்தான் இது.”

“அண்ணி, நீங்க ஒரே ஒரு தடவை புகார் நம்பருக்குக் கூப்பிட்டிருந்தாக்கூட...”

“நான் ஏன் நம்பருக்குக் கூப்பிடணும்? அங்கே கூப்பிட்டா பாட்டுப் போட்டுக் காத்திருக்கச் சொல்றான். கூடப் பிறந்தவன் ஃபிட்டர், ஒரு குரல் கொடுத்தா ஓடி வர்றான்.”

“ஓடி வந்தார். அதனாலதான் அண்ணி உங்க தெரு கடைசியில இருக்கு.”

அவள் பள்ளத்திலிருந்தபடியே விளக்கினாள். கோபத்திலும் அவளுக்கு விளக்கத்தான் வந்தது. நீங்கள் நம்பருக்குக் கூப்பிடவில்லை, அதனால் புகார் இல்லை. இவர் உண்மையான தெருவை எழுதவில்லை, அதனால் உடைப்பு இல்லை. புகாரும் உடைப்பும் இல்லாத குழாய் நல்ல குழாய் என்று நான் ஒன்று போட்டேன். ஒன்றுக்குப் பதில் ஐந்து போட்டிருந்தால் இருபத்தைந்து. ஊரிலேயே முதல். நாம் மூன்று பேரும் சேர்ந்து இந்தக் குழாயை ஊர் கண்ணிலிருந்து மறைத்துவிட்டோம்.

நாத்தனாரின் கை இடுப்பிலிருந்து இறங்கியது. தம்பியைப் பார்த்தாள், அவன் தலையைத் தூக்கவில்லை.

“இப்ப மாத்திச் சொல்லலாமில்ல? மன்றம் இன்னைக்குத்தானே?”

“சொல்லலாம். கிடங்குச் சந்துன்னு எழுதினதெல்லாம் ஆஸ்பத்திரித் தெருன்னு சொல்லணும். யார் மாத்தி எழுதினான்னு கேப்பாங்க.”

“இவன் பேர் வருமா?”

“வரும்.”

“மேற்பார்வையாளரா உயர்வு கொடுக்கற ஆர்டர் கையெழுத்துக்குப் போயிருக்குன்னானே?”

“ஆர்டர் என்ன அக்கா, இருக்கற வேலையே போகும்.” அவன் முதல்முறையாக நிமிர்ந்தான். “பொய்த் தெரு சொல்லிச் சாமான் வாங்கினா திருட்டுன்னுதான் எழுதுவாங்க. வித்துத் தின்னேனா, மண்ணுக்குள்ள போட்டேனான்னு யாரும் தோண்டிப் பார்க்க மாட்டாங்க.”



“அப்ப வேண்டாம்,” என்றாள் நாத்தனார். போன வாரம் இதே தெருவுக்காகத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தவள். “கடைசியிலயே கிடக்கட்டும். விட்டா இவன் வந்து கட்டுவான். இத்தனை வருஷம் கட்டலையா?”

“அண்ணி, கட்டறதுக்கு இனி இரும்பே இல்லை. இங்கே இறுக்கினா பக்கத்துல விடும்.”

“உனக்கு உன் திட்டம் பெரிசு.”

“உங்களுக்கு உள்ளே வலியில இருக்கறவங்க...”

“என் வார்டைப் பத்தி எனக்குச் சொல்லாதே!” நாத்தனாரின் குரல் உடைந்தது. திரும்பி விடுவிடுவென்று உள்ளே போய்விட்டாள்.

அவன் இறங்கிப் புதுக் கிளாம்பைப் பொருத்தினான். நல்ல கை. ரப்பரைச் சுருக்கமில்லாமல் உட்காரவைத்து, போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினான். ஒரே பக்கம் முறுக்கினால் பட்டை கோணிக்கொள்ளும். அந்த நேர்த்தியைப் பார்த்துப் பார்த்துத்தான் ஒரு காலத்தில் மயங்கினோம் என்று அவளுக்குத் தோன்றியது. இன்று எரிச்சலாக வந்தது.

“வால்வை மெதுவாத் திறக்கச் சொல்லுங்க. சட்டுன்னு அழுத்தம் ஏறினா தாங்காது.”

“தெரியும்.” ஸ்பேனரைத் துடைத்தான். “மன்றத்துல சொல்லிக்கோ. குழாய் மோசம்னு சொல்லு. என் பேரைச் சொல்லாதே.”

“கேட்டா?”

“கேட்டா பார்த்துக்கலாம்.”

அவள் சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர்கள் ஏறி வந்ததும் வேலையாட்கள் மண்ணைத் தள்ளிக் கற்களை அடுக்கிவிட்டார்கள். பழகிய கைகள். தண்ணீர் தெளித்துத் துடைப்பத்தால் தள்ளியதும், நடைபாதை ஒன்றுமே நடக்காததுபோல் கிடந்தது.

*

வாரியக் கட்டடத்தின் மாடியில் கூடிய மன்றத்தில் தலைவர் நல்ல மனநிலையில் இருந்தார். “முதல் தடவையா அறிவோட ஒரு வரிசை போட்டிருக்காங்க” என்று தொடங்கியே வைத்தார்.

அவள் எழுந்தாள். “ஐயா, வரிசை தப்பு. கிடங்குச் சந்து முதல்ல இல்லை. ஆஸ்பத்திரித் தெரு முதல்ல வரணும். ரெண்டு தெருவோட உடைப்புக் கணக்கும் இடம் மாறியிருக்கு.”

கைக்குட்டையை விரித்துக் கருப்புத் துருவலைக் காட்டினாள். இரும்பு எப்படிக் கரியாகிறது என்று சொன்னாள். இரண்டு உறுப்பினர்கள் துருவலை விரலால் தேய்த்துப் பார்த்தார்கள். ஒரு நிமிஷம் அவள் பக்கம் காற்று அடிப்பதுபோலத்தான் இருந்தது.

தலைவர் அவளுடைய கைபேசிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “மண்ணு, ஒரு குழாய். எந்தத் தெருன்னு இதுல எழுதியிருக்காம்மா?”

“இப்பவே வாங்க ஐயா, கல்லைப் புரட்டிக் காட்டறேன்.”

“புதுச் சாலை. சாலைத் துறைகிட்ட அனுமதி வாங்கிட்டீங்களா?”

யாரோ சிரித்தார்கள்.

“இன்னொண்ணு, பொறியாளரம்மா.” தலைவர் கைபேசியை மேசையில் தள்ளினார். “உங்க நாத்தனார் வீடு அந்தத் தெருவுலதானே? கடைசியில போட்டுட்டீங்கன்னு உங்க வீட்டுல போன வாரம் பெரிய ரகளையாமே. ஊரே பேசுது. இன்னைக்குத் திடீர்னு முதல்ல வருது. நாங்க என்னன்னு எடுத்துக்கறது?”

 அவள் சொந்தக்காரிக்காகப் பேசவில்லை என்று காட்ட ஒரே வழிதான் இருந்தது. அது அவள் வீட்டுக்குள் போகிற வழி.

“கணக்கு எப்படி மாறுச்சு? யார் மாத்தினது? அதைச் சொல்லுங்க, ஒத்துக்கறோம்.”

அவள் கைக்குட்டையை மடித்தாள். மறுபடி விரித்தாள். அக்கா கையில் வெறும் பேசின் என்று காலையில் அவன் சொன்னது நினைவுக்கு வந்தது.

“ஃபிட்டர். என் கணவர். ஆஸ்பத்திரித் தெருவுல செஞ்ச வேலையைக் கிடங்குச் சந்துன்னு எழுதினார். சாலை வெட்ட அனுமதி கிடைக்காதுன்னு. ஒரு போல்ட்கூட வீட்டுக்குப் போகலை. அவரையே கூப்பிட்டுக் கேளுங்க.”

கூப்பிட்டார்கள். கீழே ஸ்டோரிலிருந்து வந்தான். கையில் இன்னும் கிரீஸ். அவளைப் பார்க்காமல் தலைவருக்கு நேராக நின்றான்.

“என்னப்பா, ஆஸ்பத்திரித் தெருவுல நீ குழாய் வேலை பார்த்திருக்கியா?”

பார்த்துக்கலாம் என்று காலையில் சொன்னவன். அவள் மனதுக்குள் அந்த ஏணியைப் பிடித்துக்கொண்டாள். பள்ளத்தைப் பார்க்காதே. குழாயைப் பார்.

“இல்லீங்க ஐயா.”

“அம்மா வேற மாதிரி சொல்றாங்களே?”

“மேடம் தப்பாப் புரிஞ்சுக்கிட்டிருக்காங்க. அந்தத் தெருவுல நான் வேலையே பார்த்ததில்லை.”

மேடம் என்றான். ஏணி பிடித்த அன்றைக்கும் அதே சொல்தான். 

தலைவர் தலையை ஆட்டினார். பழைய வரிசை கையொலியோடு நிறைவேறியது. உறவினரின் தெருவை முன்னே கொண்டுவரப் பொறியாளர் முயன்றதைப் பற்றி விசாரிக்கவேண்டும் என்று ஒரு வரியும் சேர்த்துக்கொண்டார்கள். ஐந்து வருஷத்துக்கு யாரும் தொடக்கூடாது என்ற அவளுடைய விதியைத் தலைவரே உரக்கப் படித்தார்.

*

அவன் படிக்கட்டுக்குக் கீழே, புகார் அறைக்கு வெளியே நின்றிருந்தான். அவள் அவனைத் தாண்டிப் போகப் பார்த்தாள்.

“நான் என்ன பண்ணட்டும்? பேரைச் சொல்லாதேன்னேனில்ல?”

“நீங்க ஓடிப் போய்க் கட்டினீங்கன்னுதான் சொன்னேன். கேவலமா எதுவும் சொல்லலை.”

“சோறு போகும்.”

“எனக்குப் போகாதா? விசாரணை என் பேர்லதான்.”

அவனுடைய சட்டைப்பையில் கைபேசி அடித்தது. எடுத்துப் பார்த்தான். திரையில் “அக்கா” என்று இருந்ததை அவளும் பார்த்தாள்.

அடித்து நின்றது. மறுபடி அடித்தது.

“எடுங்க.”

“எடுத்து?” அவன் முகம் வெளிறிப்போயிருந்தது. “பக்கத்துல விட்டிருக்கும். வான்னு கூப்பிடுவா. இப்ப நான் எப்படிப் போய் அந்தத் தெருவுல நிப்பேன்? இப்பத்தானே அப்படிச் சொல்லிட்டு வந்தேன்!”

கட்டைவிரலால் அழைப்பைத் துண்டித்தான். கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் அவன் அக்காவின் அழைப்பைத் துண்டித்து அவள் பார்த்ததேயில்லை. மூன்றாவது முறை அடிக்கவில்லை.

இருவரும் எதற்கோ காத்திருப்பவர்கள்போல நின்றார்கள். உள்ளே புகார் அறைத் தொலைபேசி அடித்தது. அங்கே உட்காரும் பெண் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, “வணக்கம், குடிநீர் வாரியம்” என்று வழக்கம்போல ராகம் இழுத்தாள். பிறகு ராகம் நின்றுபோயிற்று. வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வாசலுக்கு வந்தாள்.

“மேடம், ஆஸ்பத்திரித் தெருவுல தண்ணி ரோட்டுல ஆறா ஓடுதாம். பிரசவ வார்டுல ஒரு சொட்டு இல்லையாம். அந்தத் தெருவுல இருந்து இதுதான் மேடம் முதல் புகார்.”

“யார் கூப்பிட்டது?”

“தலைமை நர்ஸ். முதல் தடவையான்னு கேட்டேன், எல்லார்கிட்டயும் கேக்கறதுதானே. அந்தம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அழறாங்களோன்னு நினைச்சேன். அப்புறம் சொன்னாங்க, ‘எழுதிக்கோம்மா, முதல் தடவை இல்லை. ஒவ்வொரு தடவையும் யார் வந்து கட்டினதுன்னும் சொல்றேன், எழுதிக்கோ’ன்னு. ஒரு பேர் சொன்னாங்க.”

பெண்ணின் கண் அவனிடம் போய்ச் சட்டென்று திரும்பி வந்தது.

அவள் முதலில் செய்யவேண்டியதைச் செய்தாள். ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர் லாரியை அனுப்பச் சொன்னாள். தெருமுனை வால்வை உடனே மூடச் சொன்னாள். 

“சரி மேடம். குழாயைப் பார்க்க யாரை அனுப்பட்டும்? அண்ணன் இங்கேயே நிக்கறாரே.”

அவன் ஏற்கெனவே கருவிப் பையைத் தோளில் மாட்டியிருந்தான். பழக்கம். கால் ஒரு எட்டு வைத்தும்விட்டது.

“வேற ஆளை அனுப்பும்மா,” என்றாள் அவள், அவன் முகத்தைப் பார்த்தபடியே. “இவர் அந்தத் தெருவுல வேலையே பார்த்ததில்லை.”

பெண் கதவுக்குள் பாதி போனவள், நின்று திரும்பினாள்.

“அப்ப அந்தம்மா சொன்ன பேரை என்ன மேடம் பண்ணட்டும்?”